மூன்றாம் மாடிக்கு நடுப்படங்கள்

ஹைதராபாத்
4 ஆகஸ்ட் 2024

பாரி அண்ணாவுக்கு மாயா எழுதுவது. ஜெய்பீம்.

நான் நலம். விடுதிச் சாப்பாட்டில் காரம் கூடிக்கொண்டே போகிறது, மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ எப்படி இருக்கிறாய்? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை டீயும் பன்னுமாகவே ஓட்டுகிறாயா? கீழ்வீட்டுக் குப்பம்மா அக்காவையும் உன் தோஸ்து ஜோவையும் கேட்டதாகச் சொல்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் நாம் என்னத்தைப் பேசிவிட்டோம்? "சாப்ட்டியா?" "சாப்ட்டேன்." "மழையா?" "இல்ல." அதோடு முடிந்தது. வீடியோவில் பார்க்கலாம் என்றால் கேமரா போய்விட்டது என்கிறாய். ஒரு மாதமாகச் சரிசெய்யாமல் வைத்திருக்கிறாய், சோம்பேறி! மேலும் இந்த உறைக்குள் படங்கள் இருக்கின்றன. அதனால்தான் கூரியர்.

இங்கே நான் செய்கிற வேலை உனக்குத் தெரியும். சண்டைக் காட்சியில் ஹீரோ பறப்பார், அவர் இடுப்பில் கட்டிய கம்பியை நான் உட்கார்ந்து அழிப்பேன். இரண்டு வருடமாகக் கம்பி அழிக்கிறேன் அண்ணா. நான் படித்தது அனிமேஷன். இந்த வருடம் ஒரு கதவு திறந்திருக்கிறது. கையால் வரைந்த ஒரு நிமிடப் படம் கொடுக்க வேண்டும். பிடித்துவிட்டால் ஓவியப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். ஜனவரி கடைசிக்குள் கொடுக்கணும். உதவிக்கு ஓர் ஆள் வைத்துக்கொள்ளலாம்.

நான் அம்மாவை வரையப் போகிறேன். லாரித் தண்ணீர் பிடித்து, இடுப்பில் குடத்தோடு மூன்றாம் மாடிக்கு ஏறி வருமே, அது மட்டும்தான் படம். வேறு கதை கிடையாது. அம்மா நடந்த வீடியோ நம்மிடம் ஒன்றுகூட இல்லை. அம்மா போனதிலிருந்து ஆறு வருடமாக அந்தக் கல்யாண போட்டோவைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறோம்? அம்மா நடப்பதை இன்னொரு தடவை பார்க்கணும் அண்ணா, அவ்வளவுதான்.

உதவி ஆள் நீதான். முக்கியமான படங்களை நான் வரைகிறேன்: குடத்தைத் தூக்குவது, முதல் படி, திருப்பம், கதவு. அவற்றுக்கு நடுவே வரும் படங்களை நீ வரைய வேண்டும். நடுப்படம் வரைவதற்கு ஒரே விதிதான். முதலில் உன் உடம்பால் செய்து பார், எந்தக் கால் எப்போது கனக்கிறது என்று பார், பிறகு பென்சிலை எடு. படி உன் கதவுக்கு வெளியிலேயே இருக்கிறது. சாக்குப்போக்கு சொல்லாதே.

உன் தங்கை,
மாயா


எர்ணாவூர்
16 ஆகஸ்ட் 2024

அன்பு மாயாவுக்கு ஜெய்பீம்.

நானும் இங்கே எல்லாரும் நலம். பன் சாப்பிடுவதை விட்டுவிட்டேன், குப்பம்மா அக்கா இரண்டு வேளையும் சோறு கொடுத்தனுப்புகிறது. எதற்கு என்று கேட்காதே, அதற்கு என்மேல் திடீர்ப் பாசம்.

உறையைப் பிரித்துப் பார்த்தேன். குடத்தைத் தூக்கக் குனிகிற அந்தப் படத்தில் முந்தானையை இடுப்பில் செருகியிருக்கிறாய் பார், அம்மா அப்படியே வந்து நிற்கிறது. முகம் மட்டும் கொஞ்சம் சினிமாக்காரி மாதிரி இருக்கிறது, குறைத்துக்கொள்.

நேரத்துக்கு இப்போது பஞ்சமில்லை. யார்டில் கிரேன் வேலை குறைவு. வரைகிறேன். நாம் காலண்டரில் படம் போட்டது ஞாபகம் இருக்கிறதா? மளிகைக் கடையில் கொடுத்த தினசரிக் காலண்டர். தாளின் மூலையில் நீ ஒரு குடம் போடுவாய், அடுத்த தாளில் நான் ஒரு குடம் போடுவேன். கடைசியில் சர்ரென்று விரலால் விட்டால் குடம் படியில் உருண்டு ஓடும். அம்மா தேதி கிழிக்க வந்தால் நீ அழுவாய். அந்த வருடம் முழுக்க நம் வீட்டில் தை மாதம்தான். பக்கத்து வீட்டில் இன்றைக்கு என்ன தேதி என்று போய்க் கேட்டுக்கொண்டு வந்தோம்.

ஒன்று விட்டுவிட்டாய். இரண்டாம் மாடிக்கு மேலே படி திரும்புகிற இடத்தில் அம்மா நிற்கும். குடத்தை இடது இடுப்பிலிருந்து வலது இடுப்புக்கு மாற்றும். மாற்றுவதற்கு முன்னால் ஒரு மூச்சு. அப்புறம் முகத்தில் விழுந்த முடியை "ஃபூ" என்று ஊதும், கை காலியாக இல்லையே. அதை நான் சேர்த்து வரைந்திருக்கிறேன்.

படங்களை ஜோ கூரியரில் போடுகிறான். நான் கிளம்புவதற்குள் கடையை மூடிவிடுகிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பாரி


ஹைதராபாத்
31 ஆகஸ்ட் 2024

அண்ணாவுக்கு ஜெய்பீம்.

நலமா? எனக்கு இரண்டு நாள் சளி, இப்போது பரவாயில்லை.

அந்த "ஃபூ"வைப் பார்த்து அழுதுவிட்டேன். எப்படி மறந்தேன் அதை? இங்கே எங்கள் குழுத் தலைவர் ஃபர்ஹான் பார்த்துவிட்டு, "இந்த ஊதல் இருந்தால் போதும், அந்த அம்மா யாரென்று தெரிந்துவிடும்" என்றார். உன் கோடு இன்னும் அப்படியே இருக்கிறது. பொறாமையாக இருக்கிறது, போ.

இப்போது திட்டு. கை என்ன கை இது? திருப்பத்துக்கு மேலே வருகிற படங்களில் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது! அம்மா எந்தக் காலத்தில் சுவரைப் பிடித்தது? ஒரு கை குடத்தின் கழுத்தில், இன்னொரு கை அந்தரத்தில் வீசிக்கொண்டு வரும். அந்தக் கைவீச்சுதான் அம்மாவின் மிடுக்கு. நீ கிரேன்காரருக்குக் கை காட்டிப் பிழைக்கிற சிக்னல்காரன். அத்தனை உயரத்திலிருந்து பார்க்கிறவனுக்கும் தெரியும்படி கையை உடம்பை விட்டு விலக்கிக் காட்ட வேண்டும் என்று நீதானே சொல்வாய்? கை விஷயத்தில் நீயே தப்பு செய்தால் எப்படி?

இன்னொன்று, கனம். காலிக் குடம் என்றால் ஆள் சட்டென்று எழுந்துவிடலாம். நிறைகுடம் என்றால் ஆள் முதலில் கீழே அமுங்கி, ஒரு கணம் அங்கேயே நின்று, அப்புறம் மெல்லத்தான் எழ முடியும். வேகம் எடுத்த பிறகும் தண்ணீர் ஒரு பக்கம் தளும்பிவிட்டுத் தாமதமாக வந்து சேரும். குடத்துக்குள்ளே தண்ணீர் இருப்பதை நாம் வரையப் போவதில்லை. அம்மாவின் நடையில் தெரியணும்.

சுவரைப் பிடித்த கையை எடுத்துவிட்டு மறுபடி வரைந்து அனுப்பு. கோபித்துக்கொள்ளாதே.

மாயா


எர்ணாவூர்
24 செப்டம்பர் 2024

மாயாவுக்கு ஜெய்பீம்.

தாமதத்துக்கு மன்னித்துவிடு. இங்கே மழை, மேம்பாலத்தில் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கின்றன, ஜோவின் லோடு ஆட்டோவும் நகரவில்லை. நான் நலம். உன் சளி போனதா? வெந்நீர் குடி.

கையை எடுத்துவிட்டேன். நீ சொன்னால் சரி.

தண்ணீர் தளும்புவது பற்றி எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் பழைய கதை ஒன்று வந்தது. நான் ஏழாவது படிக்கும்போது அம்மாவிடமிருந்து குடத்தை வாங்கப் போய், திருப்பத்தில் கை நழுவிவிட்டேன். பச்சைக் குடம். விழுந்து நசுங்கி, மறுபடி புடைத்து, அடுத்த படியில் நசுங்கி, புடைத்து, தண்ணீரெல்லாம் துப்பிக்கொண்டு கீழ்வரைக்கும் ஓடியது. கீழே நின்ற குப்பம்மா அக்கா, "இன்னாடா இது, மாடில அருவி வுட்டுகினு கீறீங்க!" என்று கத்தியது. நான் அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா படியிலேயே உட்கார்ந்து சிரித்தது பார், சேலையெல்லாம் ஈரம், சிரிப்பை நிறுத்தவே முடியவில்லை. "போய் எட்த்தாடா, ஒட்ஞ்சிருக்கா பாரு" என்றது. உடையவில்லை. நீ அதைத்தான் காலண்டரில் வரைந்தாய் என்று நினைக்கிறேன்.

இங்கே படிக்கட்டு இப்போது ஒரே இருட்டு, பல்பு போய்விட்டது. அதனால் படங்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

பாரி


ஹைதராபாத்
6 அக்டோபர் 2024

அண்ணாவுக்கு மாயா. ஜெய்பீம். நலம், நலம் அறிய ஆவல்.

உனக்கும் எனக்கும் சண்டை வரப்போகிறது.

கையை எடுத்தாய், சாய்வை எடுக்கவில்லை. எல்லாப் படத்திலும் அம்மா இடது பக்கம் சாய்ந்தே ஏறுகிறது. வலது கால் ஒவ்வொரு படிக்கும் பிந்தி வருகிறது. தரையில் வைத்ததும் சுட்டுவிட்டது மாதிரி உடனே எடுத்துவிடுகிறது. கால் வைத்தால் உடம்பின் பாரம் அதில் இறங்கணும் அண்ணா, இறங்கிய பிறகுதான் அடுத்த கால் கிளம்பணும். உனக்குத் தெரியாததா? உன் கிரேன் தரையில் பெட்டியை இறக்குவதற்கு முன்பே கொக்கியைக் கழற்றுவாயா?

நேரம் போகிறது. பகலெல்லாம் கம்பி அழித்துவிட்டு, சாயங்காலம் ஒரு வாரமாக உன் காலை அழித்துக்கொண்டிருக்கிறேன். அதே தாளில் ரப்பர் போட்டு, வலது காலை நேராக்கி, பாரத்தை நடுவுக்குக் கொண்டுவந்து. தாள் சில இடத்தில் கிழிந்தே போய்விட்டது. உனக்கு இதில் மனசு இல்லையென்றால் சொல்லிவிடு, நானே வரைந்துகொள்கிறேன். சும்மா பேருக்கு வரைந்து அனுப்பாதே.

கோபத்தில் எழுதுகிறேன் என்று தெரிகிறது. பார்த்து ரொம்ப நாளாயிற்று அண்ணா, அதுதான். பதினாலாம் தேதி தம்ம தீட்சை நாளுக்கு இரண்டு நாள் லீவு போட்டு வந்துவிடவா? புத்த விகாருக்குப் போய்விட்டு, படியில் இரண்டு பேரும் உட்கார்ந்து சேர்ந்தே வரையலாம்.

மாயா


எர்ணாவூர்
9 அக்டோபர் 2024

மாயாவுக்கு.

வர வேண்டாம். வீட்டில் சுண்ணாம்பு அடிக்கிறார்கள், சாமானெல்லாம் ஜோ வீட்டில் கிடக்கிறது, நீ வந்தால் தங்க இடமில்லை. யார்டிலும் எனக்கு லீவு கிடைக்காது.

படத்தை முடி. லீவைச் சேர்த்து வைத்துக்கொள். உனக்குப் பிடித்த மாதிரி காலைத் திருத்திக்கொள், எனக்கு வருத்தமில்லை. நான் நலம்.

பாரி


ஹைதராபாத்
10 நவம்பர் 2024

அண்ணா,

ஜெய்பீம் சொல்லக்கூட மனசு வரவில்லை. உன் கால் என்ன ஆயிற்று?

நேற்று நான் திருத்தாத படங்கள் கொஞ்சம் மிச்சமிருந்தன. அவற்றை மட்டும் வரிசையாகப் படம் பிடித்து ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபர்ஹான் பின்னால் வந்து நின்றார். "வரைந்தவரின் வலது கணுக்காலில் அடி பட்டிருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை, அண்ணனுக்கு வரையத் தெரியவில்லை என்று சொன்னேன். அவர் சொன்னார்: "தெரியாமல் வரைகிறவர் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு தப்பு செய்வார். இவர் எல்லாத் தாளிலும் ஒரே தப்பைச் செய்திருக்கிறார். இது நிஜமான கால்."

முதலில் உடம்பால் செய்து பார், பிறகு வரை என்று நான்தானே எழுதினேன்? நீ செய்து பார்த்துத்தான் வரைந்திருக்கிறாய்.

ஜோவைக் கூப்பிட்டேன். முதலில் மழுப்பினான். நான் அழுததும் கொட்டிவிட்டான். "நா இன்னா பண்றது மாயா, சொன்னா தோஸ்தே இல்லன்னுட்டான். ஜூன் கடசில, யார்டுல இரும்புக் கம்பி காலு மேல வுழுந்து எலும்பு நொறுங்கிப் பூட்ச்சி. பிளேட்டு வச்சிக்கீறாங்க. டாக்டரு நடக்கச் சொல்ட்டாரு, இவன்தான் நடக்க மாட்டன்றான். ஒருவாட்டி படில வுழுந்தான், அத்தோட சரி. வூட்ட வுட்டு எறங்கறதே கெடயாது. டாக்டராண்ட கூட்டிகினு போறேன்னாலும் வர்லன்றான்."

நாலு மாதம்! கேமரா போச்சு, பல்பு போச்சு, கூரியர் கடை மூடிவிட்டது, சுண்ணாம்பு அடிக்கிறார்கள். நான் நம்பினேன். அதைவிட, உன் காலைப் பார்த்து உன்னைத் திட்டினேன். மனசு இல்லாமல் வரைகிறாய் என்று எழுதினேன். என் கையாலேயே உன் காலை ரப்பர் வைத்துத் தேய்த்தேன். என்னால் தாங்க முடியவில்லை.

படமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். இருபதாம் தேதி ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். வேலையை விட்டுவிட்டு வருகிறேன்.

மாயா


எர்ணாவூர்
13 நவம்பர் 2024

என் செல்ல மாயாவுக்கு ஜெய்பீம்.

திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் வராதே. அம்மா படுத்தபோது நீ படிப்பை விட்டுவிட்டு ஓடி வந்தாய். ஒரு வருடம் போய்விட்டது, மறுபடி சேர நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். இப்போது எனக்காக இன்னொரு தடவையா? சொன்னால் அன்றைக்கே வண்டி ஏறியிருப்பாய். அதனால்தான் சொல்லவில்லை.

ஜோ சொன்னது உண்மை. ஒரு விஷயத்தை அவன் சொல்லவில்லை. நான் விழுந்தது அந்தத் திருப்பத்தில். செப்டம்பர் தொடக்கத்தில், நானே கூரியர் கடைக்குப் போய் உனக்குப் படம் அனுப்பலாம் என்று இறங்கினேன். கால் மடங்கிவிட்டது. எழ முடியாமல் ஜோ வருகிறவரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். போகிறவன் வருகிறவனெல்லாம் சுற்றிக்கொண்டு போனான். வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து கதவைத் தாண்டினாலே பயம். எனக்கு பயம் மாயா, அதுதான் உண்மை. முப்பத்திரண்டு வயசு ஆள் படியைப் பார்த்து பயப்படுகிறேன். உன் படத்துக்காக மட்டும் வாசலில் இருக்கிற இரண்டு படியில் ஏறி இறங்கி வரைந்தேன். மற்றபடி கட்டில்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இனிமேல் எதற்கு மறைக்கணும்? அம்மா சுவரைப் பிடித்ததே இல்லை என்று எழுதியிருந்தாய். பிடித்தது. கடைசி வருடம், நீ கல்லூரி விடுதியில் இருந்தபோது. திருப்பத்தில் இடுப்பு மாற்றியதும் அம்மாவுக்கு மூச்சு வாங்கும். கையைச் சுவரில் வைத்துக்கொண்டுதான் மேலே ஏறும். நான் வாங்கிக்கொள்கிறேன் என்றால் விடாது. "இத்தப் போயி அவளாண்ட சொல்லாத. பொண்ணு பட்ச்சிகினு கீது, பேஜாரு பண்ணாத" என்று என்னிடம் சத்தியம் வாங்கியது. நீ கையை எடு என்றதும் எடுத்துவிட்டேன். அப்போதும் சொல்ல வாய் வரவில்லை.

அம்மா நோயை மறைத்ததால்தான் நாம் அம்மாவை மருத்துவமனைக்குத் தாமதமாகக் கொண்டுபோனோம். அது தெரிந்தும் நானும் அதையே செய்திருக்கிறேன். என்ன வளர்ப்போ போ.

டிக்கெட்டை ரத்து செய். உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன்.

பாரி


ஹைதராபாத்
19 நவம்பர் 2024

அண்ணாவுக்கு ஜெய்பீம்.

அம்மா மேல் கோபம், உன் மேல் கோபம், விடுதியில் சும்மா உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த என் மேல் எல்லாவற்றையும் விடக் கோபம். அம்மா சுவரைப் பிடித்திருக்கிறது. நான் அந்தக் கையையும் எடுக்கச் சொன்னேன்.

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். சும்மா இல்லை, பேரம் இருக்கிறது.

இந்த உறையில் இரண்டே படங்கள். முதலாவது: நீ நம் வீட்டுக் கதவுக்கு வெளியே நிற்கிறாய். கடைசி: நீ கீழே, ஜோவின் ஆட்டோவுக்குப் பக்கத்தில் நிற்கிறாய். நடுவில் வருவதெல்லாம் நீ வரைய வேண்டியது. ஒரு படிக்கு ஒரு படம். நின்ற படியை மட்டும்தான் வரையணும், நிற்காத படியை வரையக் கூடாது. பொய்யாக வரைந்தால் எனக்குத் தெரிந்துவிடும். இனிமேல் உன் காலை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாருமில்லை.

திருப்பத்துக்கு வந்ததும் அங்கே நின்று, அம்மாவின் கை சுவரில் எந்த இடத்தில் இருந்தது என்று பார்த்து, அந்தப் படங்களை மறுபடி வரை. நான் அழித்தவை எனக்குத் திரும்ப வேண்டும். அவை இல்லாமல் படம் போகாது. ஜனவரி கடைசி என்பதை மறந்துவிடாதே.

பயத்தைப் பற்றி ஒன்று. எங்கள் வேலையில் எந்த அசைவுக்கும் முன்னால் ஒரு பின்வாங்கல் வரைவோம். குதிக்கிறவன் முதலில் குனிவான், அடிக்கிறவன் முதலில் கையைப் பின்னால் இழுப்பான். முன்னசைவு என்று பெயர். அது இல்லாமல் வரைந்தால் ஆள் பொம்மை மாதிரி இருப்பான். நீ படியைப் பார்த்து பயப்படுவது அதுதான் அண்ணா. பயப்படு, பரவாயில்லை. இரண்டு மாதத்துக்கு மேலாக அதிலேயே நின்றுவிட்டாய், அடுத்த படத்தை வரை.

டாக்டரிடம் போ. ஜோவிடம் சொல்லிவிட்டேன், அவன் தூக்கிக்கொண்டாவது போவான்.

மாயா


எர்ணாவூர்
5 ஜனவரி 2025

மாயாவுக்கு ஜெய்பீம். புத்தாண்டு நல்வாழ்த்து.

நான் நலம். இந்தத் தடவை நிஜமாகவே. கணுக்கால் சாயங்காலமானால் வீங்குகிறது, வெந்நீர் ஊற்றுகிறேன். டாக்டரிடம் ஜோ கொண்டுபோனான், தூக்கிக்கொண்டுதான், தெருவே சிரித்தது.

முதல் படியில் பல நாள் நின்றேன். அதனால்தான் முதல் படியை இத்தனை தடவை வரைந்திருக்கிறேன், வீணாக்கிவிட்டேன் என்று திட்டாதே. மழையில் படியெல்லாம் கலீஜாகக் கிடந்தது, குப்பம்மா அக்கா தினமும் துடைத்துக் கொடுத்தது. நான் சுவரைப் பிடித்து நின்று வரைவதைப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, படிக்கட்டுல நின்னுகினு படம் போட்ற, பைத்தியம் புட்ச்சிட்சா?" என்று கேட்டது. மாயா கேட்டிருக்கிறாள் என்றேன். "அப்ப என்னியும் போடு, இந்தப் படிய நாந்தான் தொட்ச்சேன்" என்றது. துடைப்பத்தோடு போட்டிருக்கிறேன், கடைசித் தாளைப் பார்.

திருப்பத்துக்கு வந்துவிட்டேன். அம்மா கைவைத்த இடத்தில் சுண்ணாம்பு மங்கி வழவழவென்று இருக்கிறது. எல்லாரும்தான் அங்கே பிடிக்கிறார்கள் போலிருக்கிறது. அதில் கையை வைத்து, மூச்சு வாங்கி, வரைந்தேன். நீ அழித்த படங்கள் இதோ. இந்தத் தடவை வலது காலை அம்மாவின் காலாகவே வரைந்திருக்கிறேன், சாய்வு என்னுடையது இல்லை, அம்மாவுடையது. எனக்கு இப்போது வித்தியாசம் தெரிகிறது.

மிச்சம் இரண்டு மாடி. நீ படத்தைக் கொடு, நான் வந்துகொண்டே இருக்கிறேன்.

பாரி


ஹைதராபாத்
16 பிப்ரவரி 2025

என் அண்ணாவுக்கு மாயாவின் ஜெய்பீம்.

நேற்று திரையிட்டார்கள். முதல் பாதியில் அம்மா கை வீசிக்கொண்டு மிடுக்காக ஏறுகிறது. திருப்பத்தில் நிற்கிறது, குடத்தை மாற்றுகிறது, "ஃபூ" என்கிறது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் கை மெல்ல எழுந்து சுவரில் போய் அமர்ந்தது. அந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு நிமிடத்துக்குள் அம்மாவுக்கு வயசாகிவிட்டது அண்ணா. நான் பார்க்காத வருடத்தை நீ எனக்குக் காட்டிவிட்டாய்.

ஓவியப் பிரிவுக்கு எடுத்துக்கொண்டார்கள். மார்ச் முதல் அங்கே. இனிமேல் கம்பி கிடையாது! படத்தின் முடிவில் யசோதராவின் பிள்ளைகள் பாரி, மாயா என்று போட்டிருக்கிறேன். குப்பம்மா அக்கா பெயரையும் போட்டேன், சொல்லிவிடு.

நடுவில் பத்து நாள் லீவு இருக்கிறது. கீழ்ப்படியில் நீ நின்று வரைந்த கடைசிப் படம் வந்த பிறகுதான் டிக்கெட் எடுப்பேன். பேரம் என்றால் பேரம்.

மாயா


எர்ணாவூர்
20 பிப்ரவரி 2025

மாயாவுக்கு ஜெய்பீம்.

உன் கடிதத்தைக் கீழே போய் நானே வாங்கினேன். ஜோவின் ஆட்டோமேல் சாய்ந்துகொண்டு படித்தேன். அவன், "மாமு, பாஸாய்ட்டாளா?" என்று கத்தினான். ஆமாம் என்றதும் அவன் போட்ட விசிலில் தண்ணீர் வரிசையே திரும்பிப் பார்த்தது.

லாரி நின்றுகொண்டிருந்தது. என்ன தோன்றியதோ, சின்னக் குடம் ஒன்றை இரவல் வாங்கிப் பாதிக்குப் பிடித்தேன். ஜோ பதறிவிட்டான். "வாணாம் நைனா, நீ வுழுந்தா பின்னாடி நானும் வுழுவேன்" என்று புலம்பிக்கொண்டே இரண்டு கையையும் நீட்டியபடி என் பின்னால் ஏறினான். பாதிக் குடம்தான், ஆனால் கனக்கிறது மாயா. தண்ணீர் நீ எழுதிய மாதிரியே தாமதமாகத்தான் வந்து சேர்கிறது.

திருப்பத்தில் நின்றேன், இடுப்பு மாற்றினேன். எனக்கு முடி முகத்தில் விழாது, இருந்தாலும் ஊதினேன். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். அம்மா மேலே வந்ததும் "பாரி, கதவு!" என்று குரல் கொடுக்குமே, நாம் முந்திக்கொண்டு ஓடுவோமே. நம் வாசலுக்கு வந்ததும் என்னை அறியாமல் எனக்கும் வாயில் வந்துவிட்டது. "மாயா, கதவு!" என்று கத்திவிட்டேன்.

யாரும் திறக்கவில்லை. ஜோ முன்னால் வந்து கதவைத் தள்ளிவிட்டான்.

கடைசிப் படம் இதோடு வைத்திருக்கிறேன். டிக்கெட் எடு. நீ வருகிற அன்றைக்கு மறுபடி ஒரு குடம் பிடித்து வருவேன், நீ உள்ளே இருந்து கதவைத் திற.

பாரி